குடியிருப்புச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம், அவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. ஆண்டு விழா நடந்தது. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது.

குழாய் மாற்றும் பணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும். "மண்வெட்டியைத் தொடாமல் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார்" என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. அந்தக் கோடு இல்லாமல் தோண்டியிருந்தால் மின் கேபிளில்தான் கடப்பாரை இறங்கியிருக்கும். பழைய வரைபடத்தில் அந்தக் கேபிளே கிடையாது. சோதனைக் குழி வெட்டிப் பார்த்த பிறகுதான், கழிவுநீர்க் குழாயை ஒட்டி அது ஓடுவது தெரிந்தது.

முன்பெல்லாம் ஒரு வீட்டில் கசிந்தால் மொத்தக் குடியிருப்புக்கும் தண்ணீர் நிற்கும். இப்போது ஒவ்வொரு கிளைக்குழாய்க்கும் ஒரு வால்வு. ஆழத்தில் போகும் கழிவுநீர்க் குழாய் முதலில், அதற்கு மேல்மட்டத்தில் சற்றுத் தள்ளிக் குடிநீர்க் குழாய், கடைசியில்தான் தளக்கல். தளக்கல்லை முதலில் பதித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் இன்று வந்திருப்பார் என்று நம்புகிறேன்.

"ஆரம்பித்துவிட்டால் தானாக முடிந்துவிடும்" என்றும் சிலர் சொன்னார்கள். சிட்னி ஓபரா ஹவுஸை அப்படித்தான் ஆரம்பித்தார்கள். கூரையை எப்படிக் கட்டுவது என்று முடிவாகுமுன்பே 1959இல் கீழே வேலை தொடங்கியது. பிறகு கூரையின் பாரத்தைத் தாங்காது என்று தூண்களை மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. 1963இல் முடிய வேண்டியது 1973இல் திறக்கப்பட்டது; 70 லட்சம் டாலர் மதிப்பீடு 10.2 கோடி டாலரில் போய் நின்றது. அவர்களுக்கு லாட்டரி நடத்திப் பணம் திரட்ட அரசாங்கம் இருந்தது. நமக்கு இருப்பது சந்தா.

அதுவும் வருவதில்லை. வால்வுக்கும் வளைவுக்கும் வரைபடத்தில் இடம் விடலாம், சந்தா பாக்கிக்கு எங்கே இடம் விடுவது? கடைசிக் கிளை இன்னும் பழைய குழாயிலேயே ஓடுகிறது. பாக்கி வைத்தவர்களின் பெயர்களை இங்கே வாசிக்கப்போவதில்லை. அறிவிப்புப் பலகையில் இருக்கின்றன.

வரவு செலவு ஒழுங்காக இருப்பதாகத் தணிக்கையாளர் கூறியுள்ளார். விவரம் பொருளாளரிடம். தலைவர், பொருளாளர், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மொட்டைமாடிக் கசிவைப் பார்த்தாக வேண்டும். அதற்கும் முதலில் வரைபடம்தான். செயலாளர் பொறுப்பை யார் ஏற்றாலும் குழாய் வரைபடங்களை ஒப்படைக்கத் தயாராக இருக்கிறேன். இதுவரை யாரும் கேட்கவில்லை.