தேவகிக்கு, வில்லன் கூட்டணிகளைப் பற்றி

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. மாமியாருக்குக் கண் அறுவைச் சிகிச்சை, அதனால்தான் உட்கார்ந்து எழுத முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். சொட்டு மருந்து நேரத்தை நான் மறந்தாலும் அவர் மறப்பதில்லை. ரம்யா புனேயில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வேலையைப் பற்றி ஒரு குறையும் இல்லை, சாப்பாட்டைப் பற்றித்தான் தினமும் புலம்பல். பாளையங்கோட்டை வெயிலைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் அடுக்குமாடிச் சங்கக் கூட்டத்தைப் பற்றி நீ எழுதியதை இவரிடமும் படித்துக் காட்டினேன். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருக்குமே அந்த லிஃப்ட் பராமரிப்புக்காரரை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றியது நான்தான் என்று பேர் வர வேண்டும் என்பதால் மூவரும் தனித்தனியே ஆள் பார்த்து, கடைசியில் எல்லோரும் படியேறிக்கொண்டிருக்கிறீர்கள். அடுத்த பக்கத்திலேயே நீ என்னைக் கேட்கிறாய்: "இவ்வளவு சக்தி உள்ள ஆறு பேர் சேர்ந்தும் ஒரு பையனை அடிக்க முடியவில்லையாம். பாலாஜி இந்தக் காமிக்ஸை விழுந்து விழுந்து படிக்கிறான். நீயும் இந்த வயதில் இதைத்தான் படிக்கிறாயாமே, இதில் என்னடி இருக்கிறது?" உன் கேள்விக்கு உங்கள் சங்கமே பதில் சொல்லிவிட்டது. இருந்தாலும் விளக்கமாகச் சொல்கிறேன்.

பாலாஜி சொன்ன அந்த ஆறு பேர் 'சினிஸ்டர் சிக்ஸ்'. 1964இல் வந்த முதல் ஸ்பைடர்மேன் ஆண்டு மலரில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் உருவாக்கிய கூட்டம். டாக்டர் ஆக்டோபஸ்தான் ஆள் சேர்க்கிறான். எலெக்ட்ரோ, கிரேவன், மிஸ்டீரியோ, சாண்ட்மேன், வல்ச்சர் என்று ஸ்பைடர்மேனிடம் ஏற்கெனவே உதை வாங்கிய ஐந்து பேர் வந்து சேர்கிறார்கள். ஆறு பேரும் ஒன்றாகப் பாய்ந்திருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்திருக்கும். ஆனால் ஒவ்வொருவனுக்கும் தன் கையால் அவனை முடிக்க வேண்டும். அதனால் என்ன செய்கிறார்கள் தெரியுமா? முறை வைத்துக்கொள்கிறார்கள். ஆளுக்கொரு இடம். ஒருவனை ஜெயித்தால் அடுத்தவன் எங்கே காத்திருக்கிறான் என்று ஒரு அட்டை கிடைக்கும். எலெக்ட்ரோவுக்கு மின் நிலையம், சாண்ட்மேனுக்குக் காற்றுப் புகாத இரும்பு அறை, ஆக்டோபஸுக்குப் பெரிய கண்ணாடி மீன் தொட்டி. ஒவ்வொரு சண்டைக்கும் டிட்கோ ஒரு முழுப் பக்கப் படம் வரைந்திருக்கிறார். இன்றைக்குப் பார்த்தாலும் கண் அந்தப் பக்கத்தை விட்டு நகராது.

இதைக் கதையில் உள்ள ஓட்டை என்பாய். எனக்கு அதுதான் கதையே. இவர்கள் தோற்பது பலம் போதாமல் இல்லை, வெற்றியைப் பங்கு போட மனமில்லாமல். கதாநாயகர்கள் ஒன்று சேர்ந்தால் ஆளுக்கு ஆள் பலம் கூடும். இவர்கள் சேர்ந்தால் குறைகிறது. அந்தக் குறைவு எப்படி நடக்கிறது என்பதைப் பார்க்கத்தான் நான் பக்கத்தைப் புரட்டுகிறேன்.

இதே மலரில் இன்னொரு வேடிக்கை. ஸ்பைடர்மேனை வரவழைக்க அவனுடைய தோழி பெட்டி பிராண்ட்டையும், கூடவே அவனை வளர்த்த மே அத்தையையும் பிடித்துவைத்திருக்கிறார்கள். அத்தைக்குத் தான் கடத்தப்பட்டதே புரியவில்லை. முதுகில் நாலு இரும்புக் கைகளோடு நிற்கிற ஆக்டோபஸ் எவ்வளவு மரியாதை தெரிந்த மனிதர் என்று மெச்சிக்கொண்டிருக்கிறாள். பத்து வருடம் கழித்து, 1974இல், அவனோடு கல்யாண மேடை வரைக்கும் போய்விட்டாள் என்றால் பார்த்துக்கொள். அத்தைக்குச் சொத்தாக வந்த ஒரு தீவும் அதிலிருந்த அணு உலையும்தான் மாப்பிள்ளையின் குறி. நம் தொடர்களில் வருகிற மாப்பிள்ளைகள் எல்லாம் இவனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

எல்லா வில்லன் கூட்டமும் எனக்குப் பிடிக்கும் என்று நினைத்துக்கொள்ளாதே. உலகத்தை ஆளப் போகிறேன் என்று கிளம்புகிற கூட்டங்கள் எனக்குச் சலிப்புதான். 1978இல் தொலைக்காட்சியில் வந்த 'லீஜன் ஆஃப் டூம்' ஒரு உதாரணம். பதின்மூன்று வில்லன்கள், சதுப்பு நிலத்துக்குள் மறைந்திருக்கும் பயங்கரமான தலைமையகம், வாராவாரம் உலகை அழிக்க ஒரு திட்டம். அவர்களுக்குள் யாருக்கு யாரைப் பிடிக்காது, யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள் என்று எதுவும் தெரியாது. இந்த வகைக்கு ஆதி உதாரணம் இன்னும் பழையது. 1943இல் தொடங்கி, ஃபாசெட் நிறுவனத்தின் கேப்டன் மார்வெல் இதழ்களில் இரண்டு வருடம் ஓடிய 'மான்ஸ்டர் சொசைட்டி ஆஃப் ஈவில்'. அதையாவது ஒரு குறும்புக்காக மன்னிக்கலாம். தலைவன் யாரென்று தெரியாமல் வெறும் குரலாகவே கொஞ்ச காலம் ஓட்டிவிட்டு, கடைசியில் ஆளைக் காட்டுகிறார்கள்: மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு புழு! கழுத்தில் தொங்கும் ஒலிபெருக்கியால்தான் அந்தக் குரல்.

எக்ஸ்மென்களின் எதிரி மேக்னீட்டோவின் கூட்டமும் இந்தப் பெரிய கனவு வகைதான். 1964இல் எக்ஸ்மென் நான்காம் இதழில் வருகிறது. அங்கே உண்மையில் கூட்டணியே கிடையாது, ஒரு முதலாளியும் நாலு வேலையாட்களும்தான். அதில் குவிக்சில்வரும் ஸ்கார்லெட் விட்சும் அண்ணன் தங்கை. ஊர்க் கும்பலிடமிருந்து அவளை மேக்னீட்டோ ஒரு முறை காப்பாற்றினான் என்ற நன்றிக்கடனுக்காக இருவரும் வேண்டா வெறுப்பாகக் கூடவே அலைகிறார்கள். எனக்கு அந்தக் கதைகளில் மேக்னீட்டோவைவிட இந்த இருவரின் சங்கடம்தான் மனதில் நின்றது. அடுத்த வருடமே நல்லவர்கள் கூட்டமான அவெஞ்சர்ஸ் பக்கம் போய்விட்டார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தவர்களுக்கு வருகிறேன். ஃபிளாஷின் எதிரிகள், 'ரோக்ஸ்' என்பார்கள். சென்ட்ரல் சிட்டியில் திருடிப் பிழைக்கிறவர்கள். கேப்டன் கோல்ட் 1957இலிருந்து இருக்கிறான். குளிர் துப்பாக்கிதான் அவனுடைய ஒரே மூலதனம். அவனோடு நெருப்புத் துப்பாக்கி வைத்த ஹீட் வேவ், கண்ணாடிக்குள் புகுந்து போகும் மிரர் மாஸ்டர், மழையும் புயலும் கொண்டுவருகிற வெதர் விசார்ட், ஆஸ்திரேலியாக்காரன் கேப்டன் பூமராங் இன்னும் சிலர். பெரும்பாலும் கையில் ஒரு கருவி, அவ்வளவுதான். எதிரியோ கண் இமைப்பதற்குள் ஊரைச் சுற்றி வருகிறவன்.

இவர்களுக்கு உலகம் வேண்டாம் தேவகி. ஒரு வங்கி, ஒரு நகைக்கடை, கிடைத்ததைப் பிரித்துக்கொண்டு ஒரு பாரில் உட்கார்ந்து குடிக்க வேண்டும், போதும். ஆசை அளவோடு இருப்பதால் கூட்டணி நிற்கிறது. பின்னாளில் ஜெஃப் ஜான்ஸ் எழுதிய கதைகளில் கோல்டுக்கு ஒரு குடிகார, அடிதடி அப்பாவும், அவன் உயிரையே வைத்திருக்கும் ஒரு தங்கையும் உண்டு. கூட்டத்துக்கு விதிமுறைகள் வைத்திருக்கிறான். போதைப்பொருள் தொடக் கூடாது. பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது. ஃபிளாஷையும் கொல்லக் கூடாது! கடைசி விதி கருணையால் வந்ததில்லை. ஒரு வீரனைக் கொன்றால் மற்ற வீரர்கள் எல்லோரும் கூட்டமாக வந்து இறங்குவார்கள், அப்புறம் தொழில் செய்ய முடியாது. சுத்தமான வியாபாரக் கணக்கு. அந்தக் கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக மானம் ரோஷம் போல ஆகிவிடுகிறது. 2008இல் வந்த ஒரு கதையில், உலக வில்லன்கள் எல்லோரையும் ஒரே குடைக்குள் கொண்டுவருகிற லிப்ரா என்பவன் இவர்களையும் கூப்பிடுகிறான். இவர்கள் மாட்டோம் என்கிறார்கள்.

இவர்களுடைய பளபளா உடைகளை யார் தைக்கிறார்கள் என்று ஒரு சந்தேகம் வருமில்லையா? அதற்கும் 1963இலேயே பதில் சொல்லிவிட்டார்கள். பால் காம்பி என்று ஒரு தையல்காரர், இவர்கள்தான் வாடிக்கையாளர்கள். இதழுக்கு ஓயாமல் வாசகர் கடிதம் எழுதிக்கொண்டிருந்த பால் காம்பசினி என்ற பையனின் பெயரைச் சுருக்கி அவருக்கு வைத்தார்கள். அந்தப் பையன் பிற்பாடு பிபிசி வானொலியில் புகழ்பெற்ற ஆளாகிவிட்டார். நாமும் அந்தக் காலத்தில் லயன் காமிக்ஸுக்குக் கடிதம் போட்டோமே, நம் பெயரில் ஒரு தையல்காரிகூட வரவில்லை.

லயன் என்றதும் சொல்ல வேண்டும், இந்த ருசியை நமக்குப் பழக்கியதே அவர்கள்தான். கூர்மண்டை ஸ்பைடரை நினைவிருக்கிறதா? ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு ஆள். என் அண்ணன் ஒளித்து வைத்திருந்த கட்டிலிருந்து உருவி, மொட்டை மாடியில் இருவரும் ஒரே புத்தகத்தைப் படித்தோமே. 1965இல் இங்கிலாந்து வார இதழில் அவன் வந்தபோது நீதி நியாயமெல்லாம் கிடையாது. குற்ற உலகத்துக்கே ராஜாவாக வேண்டும் என்று கிளம்பியவன். பூட்டு உடைக்கிற ஆர்டினியையும் விஞ்ஞானி பெல்ஹாமையும் கூட வைத்துக்கொண்டு திருடர் படையே திரட்டினான். நல்லவனானது அப்புறம்தான். அவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்! ஆர்டினியும் பெல்ஹாமும் உள்ளுக்குள் கறுவிக்கொண்டே அவன் சொன்னதைச் செய்யும் கட்டங்களைத்தான் நீ மறுபடி மறுபடி படித்தாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறுக்காதே.

வேஷம் போடுகிற கூட்டம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1997இல் கர்ட் பியூசிக் எழுதி மார்க் பேக்லி வரைந்த 'தண்டர்போல்ட்ஸ்'. அவெஞ்சர்ஸ் எல்லோரும் செத்துவிட்டதாக உலகம் நம்பிக்கொண்டிருக்கும் நேரம். யாரென்றே தெரியாத புதிய வீரர்கள் வந்து ஊரைக் காப்பாற்றுகிறார்கள், சனங்கள் கொண்டாடுகிறார்கள். முதல் இதழின் கடைசிப் பக்கத்தில் முகமூடியைக் கழற்றினால் பாரன் ஜீமோ என்ற வில்லனும் அவனுடைய 'மாஸ்டர்ஸ் ஆஃப் ஈவில்' ஆட்களும்! நம்பிக்கையைச் சம்பாதித்து, பிறகு உலகத்தை வளைத்துப்போட ஜீமோவின் திட்டம். இங்கேயும் பார், உலகம் வேண்டும் என்பது ஜீமோவுக்கு மட்டும்தான். மற்றவர்களுக்கோ நாளாக நாளாக வேறு ஒன்று பிடித்துப்போகிறது. காலமெல்லாம் திட்டு வாங்கிய 'பீட்டில்' ஏப்னர் ஜென்கின்ஸுக்கும், 'சாங்பேர்ட்' ஆக மாறிய மெலிசாவுக்கும், தெருவில் யாரோ நன்றி சொல்வது போதை மாதிரி ஏறுகிறது. நடிப்பு எந்த இடத்தில் நிஜமாயிற்று என்று விரலை வைத்துக் காட்ட முடியாதபடி எழுதியிருக்கிறார் பியூசிக்.

'சூசைட் ஸ்குவாட்' பற்றி பாலாஜியே உனக்குச் சொல்லியிருப்பான், படமாக வந்துவிட்டதே. 1987இல் ஜான் ஆஸ்ட்ராண்டர் எழுதியதைத்தான் அவன் படிக்க வேண்டும். சிறைக் கைதிகளுக்கு வெடிக்கும் வளையத்தைக் கையில் மாட்டி அரசாங்க வேலைக்கு அனுப்புகிற அமாண்டா வாலர், இதுவரை நான் பார்த்த மேலதிகாரிகளிலேயே பயங்கரமானவள். வளையம் வெறும் மிரட்டல்தான் என்று, ரோக்ஸில் சொன்ன அதே கேப்டன் பூமராங் ஏற்றிவிட்டதை நம்பி ஒருவன் ஓடிப் பார்க்கிறான், கை போய்விடுகிறது. பூமராங்குக்கு இப்போது சந்தேகம் தீர்ந்துவிட்டது. அவன் எவ்வளவு மட்டமானவன் என்பதற்கு இது ஒன்றே போதும்.

சிரிக்க வேண்டுமென்றால் 2013இல் வந்த 'சுப்பீரியர் ஃபோஸ் ஆஃப் ஸ்பைடர்மேன்'. நிக் ஸ்பென்சரும் ஸ்டீவ் லீபரும் செய்தது, பதினேழே இதழ்கள். மார்வெலின் பூமராங் (இவன் வேறு ஆள், குணம் மட்டும் அதே) தலைமையில் ஐந்து பேர் சேர்ந்துகொண்டு தங்களை 'சினிஸ்டர் சிக்ஸ்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். ஆமாம், ஐந்து பேர்தான். பயந்தாங்கொள்ளி ஷாக்கர், பழைய ரவுடி ஒருவனின் துண்டான தலையைத் தூக்கிக்கொண்டு அலைகிறான், அந்தத் தலையும் வாய் ஓயாமல் பேசுகிறது. ஸ்பைடர்மேன் அனேகமாக வருவதே இல்லை. வாடகை பாக்கி, பொய், காட்டிக்கொடுத்தல் இவைதான் கதை. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உனக்கென்று நான் எடுத்து வைத்திருப்பது கெயில் சிமோன் எழுதிய 'சீக்ரெட் சிக்ஸ்'. 2005இல் தொடங்குகிறது. சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதரின் பெயரில் வில்லன்களின் மாபெரும் சங்கம் ஒன்று உருவாகிறது, அதில் சேர மாட்டோம் என்கிற ஆறு உதிரிகள்தான் இவர்கள். அதில் ஒருவன் கேட்மேன். அதுவரைக்கும் எல்லோரும் கேலி செய்த உதவாக்கரை. பிறகு பேட்மேனின் முதுகெலும்பை முறித்த 'பேன்' என்பவன் வந்து சேர்கிறான். அந்த மலை மாதிரி ஆள், கூட்டத்திலிருக்கும் ஸ்கேண்டல் என்ற பெண்ணை மகளாக நினைத்து உருகுகிற இடங்களைப் படித்துப் பார்.

அண்ணன் இந்த மாதக் கடைசியில் திருச்சி வருகிறார். மூன்று தொகுப்புகளைக் கொடுத்துவிடுகிறேன். ரோக்ஸ் பாலாஜிக்கு. தண்டர்போல்ட்ஸ் இருவருக்கும், ஆனால் முதல் இதழின் கடைசிப் பக்கத்தை அவனிடம் சொல்லித் தொலைக்காதே. சீக்ரெட் சிக்ஸை நீ முதலில் படித்துவிட்டு அவனிடம் தரலாமா என்று முடிவு செய். ரத்தம் கொஞ்சம் அதிகம்.

அன்புடன்,
சுமதி