கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படி

பாப்பா,

உன் அனிமேஷன் கம்பெனி குடுத்த காண்ட்ராக்டைப் பத்திக் கேட்டப்போ நேத்து போன்ல "எல்லாருக்கும் இதே காண்ட்ராக்ட்தான்ப்பா, இதுல படிக்க என்ன இருக்கு"ன்னு சொன்னே பாரு, அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல. போன்ல பேசினா நான் கத்துவேன், நீ கட் பண்ணுவே, அதான் உக்காந்து டைப் பண்றேன்.

நீ அனிமேஷன் படிக்கப் போறேன்னப்போ "படம் வரையறது பொழுதுபோக்கு, பொழப்பாகுமா"ன்னு கேட்டவன் நான்தான், ஒத்துக்கறேன். முப்பத்தோரு வருஷம் அக்கவுண்ட்ஸ்ல லெட்ஜர் எழுதினவன் வேற எப்படிக் கேப்பான். இப்ப ரிட்டயராகி சும்மா இருக்க முடியாம உன் தொழிலைப் பத்தித்தான் படிச்சுக்கிட்டு இருக்கேன். நீ பரீட்சைக்குக்கூட இவ்வளவு படிக்கலன்னு அம்மா கிண்டல் பண்றா.

தென்கொரியா கதை ஒண்ணு படிச்சேன். 1994ல அந்த ஊர் ஜனாதிபதிக்கு ஒரு ரிப்போர்ட் போச்சாம், ஹாலிவுட்காரன் எடுத்த ஒரே ஒரு டைனோசர் படத்தோட வருமானம் 15 லட்சம் ஹூண்டாய் கார் வித்ததுக்குச் சமம்னு. காரும் கப்பலும் செஞ்சு முன்னுக்கு வந்த நாடு அது, அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும் யோசிச்சுப் பாரு. 1999ல சினிமா, சீரியல், பாட்டு மாதிரி கலாச்சாரத் தொழிலுக்குன்னே தனிச் சட்டம் போட்டாங்க. அப்புறம் நடந்தது உனக்கே தெரியும், சீரியல் பாத்தவங்க அந்த ஊர் முகக்ரீம் வாங்கினாங்க, மொழி கத்துக்கிட்டாங்க, டிக்கெட் போட்டு ஊர் சுத்தப் போனாங்க. இதுல வேடிக்கை என்னன்னா இந்தக் காசு எதுவும் சீரியல் எடுத்தவன் லெட்ஜர்ல ஏறாது, க்ரீம் கம்பெனியிலயும் ஏர்லைன்ஸ்லயும்தான் ஏறும், விதை போட்டவன் ஒருத்தன் அறுக்கிறவன் இன்னொருத்தன்.

உங்க தொழில் கணக்கே தனி. மொத்தச் செலவும் முதல் காப்பிக்குத்தான், ரெண்டாவது காப்பிக்கு ஏறக்குறைய ஒண்ணும் ஆகாது. ஆனா அந்த முதல் காப்பி ஓடுமா ஓடாதான்னு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது, ஓடின ஒண்ணு ரெண்டை வச்சுத்தான் படுத்ததையெல்லாம் தூக்கி நிறுத்தணும். அதனால கம்பெனி உரிமையைக் கேக்கறதுல நியாயமே இல்லன்னு சொல்ல மாட்டேன், ரிஸ்க் அவங்களோடது. ஆனா "எல்லா உரிமையும், எல்லா வடிவத்துலயும், இனிமே கண்டுபிடிக்கப் போறதுலயும், எல்லாக் காலத்துக்கும்"னு நீ படிச்சுக் காட்டின அந்த ஒரு வரி இருக்கே, அது ரிஸ்க்குக்குக் கூலி இல்லம்மா, மொத்தமா வாரிக்கிட்டுப் போறது.

சூப்பர்மேன் தெரியும்ல? அதை உருவாக்கின ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938ல 130 டாலருக்கு உரிமையை எழுதிக் குடுத்துட்டாங்க. சின்னப் பசங்க, புஸ்தகத்துல வந்தாப் போதும்னு நெனச்சிருப்பாங்க. அப்புறம் கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு, வயசாகி, 1975ல பத்திரிகையெல்லாம் எழுதி அந்தக் காமிக்ஸ் கம்பெனி மானத்தை வாங்கினப்புறம்தான் வருஷத்துக்கு 20,000 டாலரும் "உருவாக்கியவர்கள்"னு பேரும் கெடச்சுது. அன்னைக்கு அவங்க கையெழுத்து போட்டதும் எல்லாருக்கும் குடுக்கற காகிதத்துலதான்.

1966ல பாமல், போவென்னு ரெண்டு பொருளாதார ஆளுங்க நாடகம் கச்சேரிக் கணக்கையெல்லாம் ஆராய்ஞ்சு ஒண்ணு சொன்னாங்க. மத்த வேலையெல்லாம் மெஷின் வந்து வேகமாயிடுச்சு, ஆனா நாலு பேர் அரை மணி நேரம் வாசிக்கற இசைக்கு எத்தனை வருஷமானாலும் நாலு பேரும் அரை மணி நேரமும்தான் வேணும். அதனால கலைக்கு ஆகற செலவு மத்ததைவிட ஏறிக்கிட்டேதான் போகும். அப்ப அந்த வித்தியாசத்தை யார் கட்றது? அரசாங்கம் கொஞ்சம், டிக்கெட் கொஞ்சம். மீதியைக் கலைஞன்தான் கட்றான், "ஆசைப்பட்டுத்தானே செய்யறே"ன்னு சொல்லிச் சொல்லியே கம்மியாக் குடுப்பாங்க. நீ ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் வரையறே, ஓவர்டைம் கேட்டியா இதுவரைக்கும்?

உங்க தொழிலைத் திட்டினவங்களையும் படிச்சேன். அடோர்னோ, ஹார்க்ஹைமர்னு ரெண்டு ஜெர்மன்காரங்க, ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்கா போனவங்க, 1940கள்ல "கலாச்சாரத் தொழில்"ங்கற வார்த்தையையே திட்டறதுக்காகத்தான் புழக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. ஃபேக்டரி மாதிரி ஒரே அச்சுல வார்த்து ஜனங்களைத் தலையாட்ட வைக்குதுன்னு. பாதி சரி. பாக்கறவன் அவ்வளவு முட்டாள் இல்ல, எத்தனை கோடி கொட்டி எடுத்ததையும் புடிக்கலன்னா தூக்கிப் போட்டுட்டுப் போறான். ஆனா நீ வரையற வீட்டுல யார் சமைக்கிறா, யார் பேப்பர் படிக்கிறா, வில்லனுக்கு என்ன கலர் பூசறீங்க, இதையெல்லாம் ஒரு கொழந்தை நூறு தடவை பாத்துட்டு உலகமே அப்படித்தான்னு எடுத்துக்கும். அதை யாரும் ஆடிட் பண்ண மாட்டாங்க, நீதான் பாத்துக்கணும்.

சரி காண்ட்ராக்டுக்கு வர்றேன். மாசச் சம்பள வேலைன்னா நீ வரையறது கம்பெனிக்குப் போறதுதான் நெறைய நாட்டுல வழக்கம், அதுல சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்ல. ஆனா உன்னை ஃப்ரீலான்ஸ்னு போட்டுட்டு, லீவு இன்ஷூரன்ஸ் எதுவும் குடுக்காம, உரிமையை மட்டும் சம்பளக்காரன் மாதிரி எடுத்துக்கறாங்களான்னு பாரு, எனக்கு அந்தச் சந்தேகம்தான். உன் பேர் டைட்டில்ல வருமா? பெர்ன் ஒப்பந்தம்னு காப்புரிமைக்கு நாடுகள் சேந்து போட்டது ஒண்ணு இருக்கு, அதுல 1928லயே சேத்திருக்காங்க, உரிமையை வித்தாலும் இது என் வேலைன்னு சொல்லிக்கற உரிமை தனின்னு. அப்புறம் உன் படங்களைப் போட்டு ஏஐக்குப் பயிற்சி குடுக்கலாம்னு எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்காங்களா பாரு. 2023ல ஹாலிவுட் எழுத்தாளருங்க 148 நாள் ஸ்ட்ரைக் பண்ணினதுல இதுவும் ஒரு காரணம்.

வேலையை விடுன்னு சொல்லல, பயப்படாதே. அந்த பிடிஎஃப்பை எனக்கு அனுப்பு, முழுசா, பின்னாடி இருக்கற இணைப்புப் பக்கங்களோட. பிரிண்ட் எடுத்து செவப்புப் பேனாவுல குறிச்சு வைக்கிறேன், அதைக் கொண்டுபோய் ஒரு வக்கீல்கிட்ட காட்டு, ஃபீஸ் நான் தர்றேன். வெள்ளிக்கிழமை கடைசி நாள்னு சொன்னேல்ல, திங்கக்கிழமை தர்றேன்னு இன்னைக்கே ஒரு மெயில் போட்டுடு.

அப்பா