வாகை மரத்துக்கு என்ன ஆகிறது?

மட்டக்களப்பு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் முதலில் கேட்டது மைதான ஓரத்து வாகையைத்தான். அடியில் பொந்து விழுந்து, வகுப்பறைக் கூரைப் பக்கம் சாய்ந்திருந்தது. மாரிக்கு முன் வெட்ட வேண்டியதாயிற்று. 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"விறகுக்குக் கொடுத்தால் நாலு காசு வருமே, அதிபர்" என்று சிலர் சொன்னீர்கள். அரச பாடசாலை வளவில் நின்ற மரம் என் விருப்பத்துக்கு விற்கக்கூடிய பொருளல்ல. எழுத்து வேலைகளை முடித்து, அதைப் பாடசாலைத் தேவைக்கே பயன்படுத்த அனுமதி பெற்றிருக்கிறோம். வாகையின் வைரம், அதாவது உள்மரம், நல்ல கபில நிறம், பிள்ளைகள் இருக்கும் வாங்குகளுக்குத் தோதானது. அதை அடுப்பில் வைக்க எனக்கு மனமில்லை.

அமெரிக்காவின் பால்டிமோரில், நகரில் வெட்டும் மரங்களை ஒரு முற்றத்தில் சேர்த்துத் தரம் பிரித்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். நம்முடைய முற்றம் சைக்கிள் கொட்டகைதான். ஆகவே சில மாதங்களுக்குச் சைக்கிள்கள் வேப்பமரத்தடியில் நிற்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கு எப்போது வரும்? உடனே வராது. பச்சை மரத்தில் செய்த வாங்கு ஆறு மாதத்தில் முறுக்கிக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நிற்கும். பலகை அரிந்து, செங்கல் மேல் அடுக்கி, இடையிடையே மரச்சட்டம் வைத்துக் காற்றுப்பட விட வேண்டும். ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. நம் வெயிலில் அது முந்தலாம். ஆனால் வறண்ட கச்சான் காற்று நேரே பட்டால் பலகை வெடித்துவிடும். அதனால்தான் குற்றிகளின் இரு முனைகளிலும் மிச்சப் பெயின்ட் பூசியிருக்கிறோம். அது அலங்காரமல்ல, ஈரம் மெதுவாக இறங்கத்தான். இவ்வருடத் தரம் 5 பிள்ளைகள் அந்த வாங்குகளில் இருக்கப்போவதில்லை, அவர்களின் தம்பி தங்கைமார் இருப்பார்கள். கிளைத் துண்டுகளும் இலைகளும் புதிய கன்றுகளின் அடியில் மூடாக்காகக் கிடக்கின்றன.

அடிக்கட்டையில் தரம் 8 பிள்ளைகள் வளையம் எண்ணினார்கள். ஒருவருக்கு 38, இன்னொருவருக்கு 51. குளிர்காலம் இல்லாத நாட்டில் வளையங்கள் ஒழுங்காக விழுவதில்லை. பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது. குற்றிகள் உருளக்கூடியவை. ஏறி விளையாட வேண்டாம் என்று வீட்டிலும் சொல்லுங்கள்.

இப்போது உங்களிடம் கேட்க வேண்டியது. முதற்குற்றியை அரியும்போது வாளில் இரண்டு பற்கள் போயின. உள்ளே ஒரு துருப்பிடித்த ஆணி. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு மரம் கருநீலமாகக் கறைபட்டிருந்தது. எங்கெங்கே இரும்பு இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த குற்றியைத் தொடமாட்டேன் என்கிறார் ஆலைக்காரர். நியாயம்தான்.

உங்களில் பலர் இங்கேயே படித்தவர்கள். விளையாட்டுப் போட்டிக்குக் கொடி கட்டியது, தண்டவாளத் துண்டு மணியாகத் தொங்கிய கொக்கி, பந்து வலை கட்டிய ஆணி, எல்லாவற்றையும் மரம் விழுங்கி மூடிவிட்டது. நினைவுள்ளவர்கள் வரும் சனிக்கிழமை காலை 8 மணிக்கு ஒரு சுண்ணக்கட்டியோடு வந்து இடத்தைக் குறித்துத் தாருங்கள். ஆணி அடித்தவருக்கு இனித் தண்டனை கிடையாது.

இங்ஙனம்,
அதிபர்