தாத்தா பாட்டிமாருக்கான வீட்டுப் பயிற்சி

எல்லாருக்கும் வணக்கம். பயிற்சி வீடியோவை மேலே போட்டிருக்கிறோம். மழை இறங்கினால் சிக்னல் போய்விடும், இப்போதே போனில் இறக்கி வையுங்கள்.

65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் 3 நாளாவது சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "தேயிலைக் கொழுந்து கூடை சுமந்தது போதாதா?" என்று பாட்டிமார் கேட்பார்கள். நியாயந்தான்! ஆனாலும் லயத்துப் (தோட்டத்து வரிசை வீட்டுப்) படியில் வழுக்கி விழாமலிருக்கக் காலில் வலு வேண்டுமே.

கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டியபடி எழுந்து எழுந்து உட்காரட்டும். போனில் 30 செக்கன் டைமர் வைத்து, எத்தனை தடவை எழுந்தார்கள் என்று எண்ணிக் குரல்பதிவாக அனுப்புங்கள். காலுறையோடு வேண்டாம், சீமெந்துத் தரை வழுக்கும். பக்கத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம். தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்.