பர்னி பிரித்த வாக்குகளா, கிளே எழுதிய கடிதங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தேர்தல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, 1844இல் அன்றைய இரு பெருங்கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் ஹென்றி கிளே தோற்றதற்கு அடிமை ஒழிப்பாளர்களின் லிபர்ட்டி கட்சி வாக்குகளைப் பிரித்ததே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறது. கணக்கு என்ற அளவில் அதில் பிழையில்லை. நியூயார்க் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் ஜேம்ஸ் போல்க் 2,37,588 வாக்குகளும் கிளே 2,32,482 வாக்குகளும் பெற்றனர்; லிபர்ட்டி கட்சியின் ஜேம்ஸ் பர்னிக்குக் கிடைத்தவை 15,812. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அந்த மாநிலத்தில் முந்தியவருக்கே மொத்தமாகச் சேரும் 36 தேர்வாளர் வாக்குகள் இடம் மாறியிருந்தால் கிளேதான் குடியரசுத் தலைவர். ஆனால் அந்த 15,812 பேரும் இயல்பாகக் கிளேவுக்குச் சேர வேண்டியவர்கள் என்று வைத்துக்கொண்டால்தான் வாக்குப் பிரிப்பு என்ற பேச்சுக்கே இடமுண்டு. அவர்களில் தம் பக்கம் வரக்கூடியவர்களாக இருந்தவர்களையும் அண்டவிடாமல் செய்தவை கிளே தாமே எழுதிய கடிதங்கள் என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

அக்காலத்தில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்பவர் ஊர் ஊராகச் சென்று வாக்குக் கேட்பது கௌரவக் குறைவாகக் கருதப்பட்டது. ஆதலால் வேட்பாளரின் கொள்கை விளக்கம், கூட்டணிப் பேச்சு, சமாதானம், மறுப்பு எல்லாமே கடித வடிவில்தான் வெளிவந்தன. ஒரு நண்பருக்கோ பத்திரிகை ஆசிரியருக்கோ எழுதியதாகத் தோன்றும் கடிதம் உண்மையில் நாட்டுக்கே எழுதப்பட்டது. நாளேடுகள் ஒன்றுக்கொன்று தபால் கட்டணமின்றிப் பிரதிகளை அனுப்பிக்கொள்ள 1792ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்திருந்தது. எனவே தெற்கே அலபாமாவில் அச்சான ஒன்று சில வாரங்களுக்குள் வடக்கே ஆல்பனியிலும் பாஸ்டனிலும் மறுபிரசுரமாவதைத் தடுக்க எந்தத் தலைவராலும் முடியாது. தெற்குக்கு ஒரு பேச்சு, வடக்குக்கு ஒரு பேச்சு என்று வைத்துக்கொள்ள நினைத்தவர்கள் இந்த ஏற்பாட்டை மறந்ததாலேயே சிக்கிக்கொண்டார்கள்.

மெக்சிகோவிலிருந்து பிரிந்து, அடிமை முறையோடு இருந்த டெக்சாஸை அமெரிக்காவுடன் இணைக்கும் கேள்வி எழுந்தபோது, 1844 ஏப்ரல் 17 அன்று வட கரோலினாவின் ராலே நகரிலிருந்து கிளே எழுதிய கடிதம் தெளிவாகவே இருந்தது. மெக்சிகோவின் ஒப்புதலின்றி இணைத்தால் போர் வரும், நாட்டின் ஒற்றுமைக்கு ஆபத்து, மக்களும் அதைக் கேட்கவில்லை என்று அதில் வாதிட்டிருந்தார். அது ஏப்ரல் 27 அன்று வாஷிங்டனில் வெளியானது. அதே நாளில் ஜனநாயகக் கட்சியின் மார்ட்டின் வான் பியூரனும் இணைப்பை எதிர்த்து எழுதிய கடிதம் வெளிவந்தது. வான் பியூரனுக்கு அதனால் வேட்பாளர் வாய்ப்பே பறிபோய், பால்டிமோர் மாநாட்டில் ஒன்பதாவது சுற்றில் போல்க் தேர்வானார். இணைப்பு எதிர்ப்பாளர்களுக்கு முக்கிய வேட்பாளர்களில் மிஞ்சியவர் கிளே ஒருவரே. அவர் பேசாமல் இருந்திருந்தாலே போதும்.

அவர் அப்படி இருக்கவில்லை. தென் மாநிலத்து விக் கட்சியினரின் பதற்றத்தைத் தணிப்பதற்காக, ஜூலை 1 அன்று அலபாமா மாநிலம் டஸ்கலூசாவின் பத்திரிகை ஆசிரியர் ஒருவருக்கு, இணைப்பில் தமக்குத் தனிப்பட்ட ஆட்சேபம் இல்லை என்று எழுதினார். அடிமை ஒழிப்பாளர்களின் ஆதரவைத் தாம் தேடுவதாகச் சொல்வது அபத்தம் என்றும் அதிலேயே சேர்த்தார். ஜூலை 27 அன்று மீண்டும் அலபாமாவுக்கே எழுதிய கடிதத்தில், அவமானமின்றி, போரின்றி, எல்லா மாநிலங்களின் சம்மதத்தோடு, நியாயமான நிபந்தனைகளில் டெக்சாஸ் சேருமானால் தமக்கு மகிழ்ச்சியே என்றும், அடிமை முறை இந்தக் கேள்வியை எவ்வகையிலும் பாதிக்கக் கூடாது என்றும் சொன்னார். நுணுகிப் படித்தால் ராலே கடிதத்துக்கும் இவற்றுக்கும் நேர் முரண் இல்லை என்று கிளே தரப்பில் வாதாடலாம். ஆனால் வாக்காளர் வக்கீல் அல்லரே! எதிர்க்கட்சி ஏடுகளுக்குக் கடிதங்களை அடுத்தடுத்து அச்சிடுவதே போதுமானதாக இருந்தது. நியூயார்க் விக் கட்சியின் சூத்திரதாரி தர்லோ வீட் அலபாமா கடிதத்தைக் கண்டு மனம் நொந்துபோனார். செப்டம்பரில் கிளே ராலே கடிதமே தம் நிலை என்று மீண்டும் விளக்கம் எழுத, குழப்பம் இன்னும் கூடியது. இத்தனைக்குப் பிறகும் அலபாமா போல்க்குக்கே வாக்களித்தது.

இதன் பக்கத்தில் போல்க் ஜூன் 19 அன்று ஃபிலடெல்ஃபியாவின் ஜான் கேனுக்கு எழுதிய கடிதத்தை வைத்துப் பார்க்க வேண்டும். இறக்குமதி வரி அரசின் வருவாய்க்காகவே இருக்க வேண்டும், அதைச் சரிசெய்யும்போது உள்நாட்டுத் தொழிலுக்கு நியாயமான அளவில் தற்செயல் பாதுகாப்பு கிடைக்கலாம் என்பதே அதன் சாரம். தெற்கின் பருத்திப் பண்ணையார் முதல் பாதியைப் படித்துக்கொண்டார். பென்சில்வேனியாவின் இரும்பு ஆலைக்காரர் இரண்டாம் பாதியைப் படித்துக்கொண்டார். உள்நாட்டுத் தொழிலைக் காக்கும் 1842ஆம் ஆண்டு இறக்குமதி வரிச் சட்டத்தின் பெயராலேயே பென்சில்வேனியாவில் போல்க்குக்கு வாக்குக் கேட்கப்பட்டது, 26 தேர்வாளர் வாக்குகளும் அவருக்குக் கிடைத்தன. 1846இல் அவர் ஆட்சி அந்த வரியைக் குறைத்தபோது, செனட்டில் வாக்குகள் சமமாக நின்ற கட்டத்தில் மசோதாவைக் காப்பாற்றியவர் பென்சில்வேனியாவின் சொந்த மைந்தரான துணைத் தலைவர் ஜார்ஜ் டல்லஸ். போல்க்கின் கடிதம் கிளேயின் கடிதங்களை விட நேர்மையானது என்று நான் சொல்லவில்லை. ஒரே கடிதத்தில் இரு பொருள் வைத்து எழுதிவிட்டு அதன்பின் அவர் வாயைத் திறக்கவில்லை. கிளேவோ விளக்கத்துக்கு மேல் விளக்கம் எழுதினார்.

இனி லிபர்ட்டி கட்சி வாக்காளர்களின் பக்கத்திலிருந்து பாருங்கள். கிளே அடிமைகளை வைத்திருந்தவர். 1839இல் செனட்டில் அடிமை ஒழிப்பாளர்களைக் கண்டித்து நீண்ட உரை ஆற்றியவர். பர்னியோ தம் அடிமைகளை விடுவித்துவிட்டு இயக்கத்துக்கு வந்தவர். அத்தகையவருக்கு விழுந்த வாக்கைக் கிளேவிடமிருந்து திருடப்பட்டதாகக் கருதுவது விக் கட்சியின் தோல்விப் புலம்பலே அன்றி வரலாறு ஆகாது. தேர்தல் நெருங்கிய வேளையில், பர்னி ஜனநாயகக் கட்சியோடு கள்ள உறவு வைத்திருப்பதாகக் காட்ட, அவர் கார்லண்ட் என்பவருக்கு எழுதியதாக ஒரு போலிக் கடிதத்தை விக் ஏடுகள் பரப்பியதையும் இங்கே குறிப்பிட வேண்டும். மறுப்பு ஊர்களைச் சென்றடைவதற்குள் வாக்குப்பதிவு வந்துவிட்டது. இத்தனை செய்தும் பர்னிக்கு விழுந்த வாக்குகள்தாம் அந்த 15,812. நியூயார்க்கில் குடியேறிகளின் வாக்கு ஜனநாயகக் கட்சிக்குத் திரண்டதும் கிளேயின் தோல்விக்கு ஒரு காரணம். அது தனியாக எழுத வேண்டிய கதை.

கட்டுரையின் அடுத்த பகுதி 1848ஆம் ஆண்டுத் தேர்தலைப் பேசும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் அந்தத் தேர்தலின் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான லூயிஸ் காஸ் 1847 டிசம்பர் 24 அன்று டென்னசியின் நிக்கல்சனுக்கு எழுதிய கடிதத்துக்குச் சற்று விரிவாக இடம் ஒதுக்க வேண்டுகிறேன். புதிய பிரதேசங்களில் அடிமை முறை வேண்டுமா என்பதை அங்குள்ள மக்களே முடிவு செய்யட்டும் என்று அவர் எழுதினார். குடியேறிய உடனேயா, மாநிலத் தகுதி பெறும்போதா என்பதைத் தெளிவாகச் சொல்லவில்லை. வடக்கு ஒரு விதமாகவும் தெற்கு ஒரு விதமாகவும் அதைப் படித்துக்கொண்டன. கேன் கடிதத்தின் உத்தி அங்கே அடிமைக் கேள்விக்கே பயன்பட்டிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்