இஸ்திரிப் பெட்டி வேண்டாம்

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் வந்து 3 வாரம் ஆகிறது. சரி, திட்டிவிடு. போன் ஏன் பண்ணவில்லை என்று கேட்டிருந்தாய். இங்கே மைனஸ் 18. பஸ்ஸுக்கு நிற்கும்போது போனை வெளியே எடுத்தால் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. பேட்டரிக்குக் குளிர் ஆகாது. அறைக்கு வந்து கொஞ்சம் சூடு ஏறியதும் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்துகொள்கிறது. அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

அக்கா லண்டனில் 2 நாள் தங்கிவிட்டு இங்கே வருகிறாளாம், என்ன அடாப்டர் வாங்குவது என்று எழுதியிருந்தாய். நான் பட்டுத் தெரிந்துகொண்டவன், கேள். கனடா வரும்போது அப்பா இஸ்திரிப் பெட்டியைப் பெட்டிக்குள் திணித்தார் அல்லவா? (அவரிடம் இதைச் சொல்லாதே.) முதல் இன்டர்வியூ அன்று காலை அடாப்டரில் செருகிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். தொட்டுப் பார்த்தால் ஒத்தடம் கொடுக்கலாம் போல வெதுவெதுப்பு. நம் வீட்டில் 230 வோல்ட், இங்கே 120. வோல்ட் பாதியானால் சூடு கால்வாசிதான் வரும். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மாற்றும், வோல்ட்டை மாற்றாது. கசங்கிய சட்டையோடுதான் போனேன்.

போன், லேப்டாப் சார்ஜர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடியில் பொடி எழுத்தில் 100-240 என்று போட்டிருக்கிறதா என்று அக்காவைப் பார்க்கச் சொல். இருந்தால் எங்கேயும் செருகலாம். வெறும் 220 என்றோ 230 என்றோ இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடட்டும்.

மேல்மாடித் தாத்தாவைப் பற்றிப் போன தடவை எழுதினேனே, வெளியே கிளம்பும் முன் வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவைப்பவர். இப்போது என் கதவையும் தட்டி, பிடுங்கினாயா என்று கேட்கிறார். முதலில் எரிச்சலாக இருந்தது. இப்போது தட்டவில்லை என்றால் நானே மாடி ஏறிப் பார்க்கிறேன். அவரிடம் ஒரு டிராயர் நிறைய அடாப்டர். என் மலிவு அடாப்டரில் மூன்றாவது முள் கிடையாது, எர்த் இல்லாமல் லேப்டாப்பைத் தொட்டாலே விரல் விறுவிறுக்கும். அதைப் பார்த்துவிட்டு மூன்று முள் உள்ளது ஒன்றைத் தேடிக் கொடுத்தார்: தட்டையாக இரண்டு, கீழே உருண்டையாக ஒன்று. அக்காவுக்கும் லேப்டாப் இருந்தால் அதே மாதிரி வாங்கட்டும்.

லண்டனுக்கு வேறு. அங்கே நீள்சதுரமாகத் தடித்த மூன்று முள், பிளக்குக்குள்ளேயே ஃப்யூஸ் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்று வாங்கிச் சுமக்காமல், நம் வீட்டு எக்ஸ்டென்ஷன் பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். ஊருக்கு ஒரு அடாப்டர் போதும், பலகையில் எல்லா சார்ஜரும் ஏறிவிடும். பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

இங்கே சாக்கெட் பக்கத்தில் சுவிட்ச் கிடையாது அம்மா. செருகினால் கரண்ட், அவ்வளவுதான். 2 வருடம் ஆகியும் சார்ஜரைச் செருகியதும் கை சுவரில் சுவிட்சைத் தேடுகிறது. ராத்திரி அப்பா ஒவ்வொரு அறையாகப் போய் டக், டக் என்று அணைத்துக்கொண்டே வருவாரே, கடைசி டக் என் தலைமாட்டில் விழும். அது கேட்காமல் தூக்கம் வர நேரமாகிறது.

சரி. மாடி ஒழுகுவதற்கு மழைக்கு முன்னால் ஆள் பார்க்கச் சொல். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், கம்பெனியில் சம்பளத் தேதியை மாற்றிவிட்டார்கள். தம்பி பரீட்சைக்குக் கட்ட வேண்டியதை மட்டும் அத்தானிடம் வாங்கிக் கட்டிவிடு, நான் அவரிடம் பேசிக்கொள்கிறேன். அப்பா கண் டாக்டரிடம் போனாரா? நீ அதை எழுதவே இல்லை.

அக்காவை வழியனுப்பும்போது அப்பா மறுபடியும் இஸ்திரிப் பெட்டியை நீட்டுவார். பார்த்துக்கொள்.

உன்,
பெரியவன்