டேங்க்கையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு,

கம்பி பிடித்துச் சுற்றவிடும் மாதிரி விமானங்கள் பற்றிய கட்டுரை நன்றாகவே இருந்தது, ஆனால் எஞ்சின் பாதியில் திணறினால் நீடில் வால்வைத் (எஞ்சினுக்குப் போகும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) திருகுங்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டீர்களே. பல நேரம் கோளாறு எரிபொருள் டேங்க்கில்தான். விமானம் வட்டமடிக்கும்போது எரிபொருள் வெளிப்பக்கமாக ஒதுங்கும், அதனால்தான் எஞ்சினுக்கு எரிபொருள் எடுக்கும் உறிஞ்சு குழாயின் வாய் வெளிப்பக்கப் பின்மூலையில் இருக்கிறது. அந்தக் குழாயில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், எரிபொருளோடு காற்றும் போய் எஞ்சின் சூடேறி இரைய ஆரம்பித்துவிடும்.

சோதிப்பது சுலபம். டேங்க்கைக் கழற்றி, ஒரு குழாயை விட்டு மற்றதையெல்லாம் அடைத்து, தண்ணீரில் அமுக்கி லேசாக ஊதுங்கள், ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். ஆனால் டேங்க்குக்கு உள்ளே உறிஞ்சு குழாயில் இருக்கும் விரிசல் இதில் தெரியாது, அதற்குக் குழாயைத் தனியாக எடுத்துத்தான் பார்க்க வேண்டும். தகர டேங்க் என்றால் ஓட்டையில் சால்டர் (ஈயப் பற்று) வைக்கலாம். அதற்கு முன் வெந்நீர் விட்டு நன்றாகக் கழுவி உலர்த்துங்கள், இதில் சோம்பல் கூடவே கூடாது: எரிபொருளில் இருக்கும் மெத்தனாலின் மிச்ச ஆவி சூடு பட்டால் வெடிக்கும், அது எரியும் தீயும் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது.

உள்ளே துரு பிடித்திருந்தால் பேசாமல் புதிது போட்டுவிடுங்கள். அப்புறம், நேராகப் பறக்கையிலும் தலைகீழாகப் பறக்கையிலும் எஞ்சின் சத்தம் மாறினால் டேங்க்கின் உயரம் சரியில்லை, மெல்லிய பலகைத் துண்டு வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்